உடை மாறியும் போகாத உதறல்

‘சேலர் மூன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரில் ஹருகா தெனோவைப் பார்த்த யாரும் அவளைப் பயந்தவள் என்று சொல்லமாட்டார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடி, பையன்களின் பள்ளிச் சீருடை, கார்ப் பந்தயம். முதல்முறை பார்க்கிற பெண்கள் பையன் என்றே நினைத்துச் சொக்கிப்போகிறார்கள், அவளும் திருத்துவதில்லை. உருமாறினால் அவள் சேலர் யுரேனஸ். அந்தக் கூட்டத்தில் எவருக்கும் இளைத்தவள் இல்லை.

1994இல் தொடங்கிய மூன்றாம் பருவத்தில், 106ஆம் பாகத்தில், அவளுடைய பழைய கதை வருகிறது. உலகம் அழிவது போன்ற ஒரு கனவு அவளை விடாமல் துரத்துகிறது. தடுக்கவேண்டியவள் நீதான் என்கிறது கனவு. ஹருகா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மிச்சிரு கைஓ என்ற பெண் வந்து பேசுகிறாள். வயலின் வாசிப்பவள், ஏற்கெனவே சேலர் நெப்டியூனாக இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பவள். அவளிடமும் ஹருகா மசியவில்லை. அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே பார்த்துக்கொள் என்கிற தோரணை. பிறகு பந்தயக் கார்கள் நிற்கிற கொட்டகையில் ஒரு பையன் பூதமாக மாறுகிறான். ஹருகாவின் கண்முன்னே உருமாற்றக் கோல் தோன்றுகிறது. அவள் கையை நீட்டும்போது தடுப்பவள் மிச்சிருதான்: தொட்டால் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வழி கிடையாது. தடுத்தவளே சண்டைக்குப் போய் அடிபட்டு விழுகிறாள். அவளைத் தாங்கிப் பிடித்த ஹருகா கேட்பது அவள் கைகளைப் பற்றி. வயலின் வாசிக்கிற கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று. அதற்குப் பிறகுதான் கோலை எடுக்கிறாள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பூதம் அவளை அவ்வளவாக மிரட்டவில்லை. தான் யாராக ஆகவேண்டியிருக்கும் என்பதுதான் மிரட்டுகிறது. கோலை எடுத்த நொடியிலும் அந்த மிரட்சி விலகியதாகக் கதை சொல்லவில்லை. அது அங்கேயே நிற்கிறது. அதைவிட ஒருத்தியின் கை பெரிதாகத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

*

இந்த வயதில் இதையெல்லாம் பார்க்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். இந்தக் குறிப்புகளில் பாதி அந்தச் சிரிப்பைப் பற்றியது.

*

சாதாரணப் பெண் மந்திரத்தால் உருமாறுகிற இந்த மாதிரி மாயச் சிறுமிக் கதைகளில் எனக்குப் பிடித்த தொழில்நுட்ப விஷயம் ஒன்று. உருமாற்றக் காட்சியை ஒரே ஒருமுறை சிரத்தையாக வரைந்து வைத்துக்கொண்டு வாரா வாரம் அதையே ஓட்டுவார்கள். அப்படிச் சேமித்து வைக்கிற துண்டுக்கு ஜப்பானிய ஸ்டூடியோக்களில் ‘பேங்க்’ என்றே பெயர். செலவு மிச்சம், ஆள் மிச்சம், பொம்மைக் கம்பெனிக்கு விளம்பரமும் ஆயிற்று. 1969இல் கைக்கண்ணாடியைப் பார்த்து உருமாறிய அக்கோ, 1973இல் சண்டைக்காகவே உருமாறிய க்யூட்டி ஹனி என்று வளர்ந்து வந்த வழக்கம் இது.

ஆக, அன்றைக்கு அந்தப் பெண் எவ்வளவு நடுங்கியிருந்தாலும் உருமாறுகிற அந்த அரை நிமிடம் மட்டும் நடுக்கமே இல்லாமல் வரும். ரிப்பன் அதே இடத்தில் சுழலும். கையுறை அதே நொடியில் விரலில் ஏறும். முகத்தில் அதே நிதானம். ‘சேலர் மூன்’ நாயகி உசாகி 14 வயது அழுமூஞ்சி. முதல் பாகத்திலேயே உருமாறி முடித்த பிறகு உட்கார்ந்து ஓவென்று அழுகிறாள். ஆனால் உருமாற்றத்துக்குள் அவள் அழுவதில்லை. அது பழைய பிலிம்.

இயக்குநர்கள் இதை யோசித்துச் செய்தார்களா தெரியாது, எனக்கு இது சரியாகவே படுகிறது. பயத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அந்த அரை நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் பார்க்கவேண்டும். கோலை நோக்கி நீளும் கையிலும், உடை மாறியபிறகு தரையில் சரியாக ஊன்றாத காலிலும் அது இருக்கும்.

*

ஒசாமு தெஸுகா 1953இல் ‘ஷோஜோ கிளப்’ இதழில் ‘ரிபன் நோ கிஷி’ என்ற மாங்காவைத் தொடங்கினார். ரிப்பன் அணிந்த வீரன் கதை. தெஸுகா வளர்ந்த ஊர் தகராஸுகா. ஆண் வேடங்களையும் பெண்களே கட்டி ஆடும் தகராஸுகா இசைநாடகக் குழு அந்த ஊரில்தான் 1914இல் முதல்முதலாக மேடை ஏறியது. அம்மாவோடு போய் அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எழுதிய கதை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

கதை இதுதான். பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு வானுலகில் இதயம் கொடுக்கிறார்கள். பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. டிங்க் என்ற குறும்புக்காரத் தேவதூதன் செய்த வேலையால் ஒரு குழந்தைக்கு இரண்டும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் குழந்தை சில்வர்லாந்து நாட்டு அரசகுமாரி சஃபையர். அந்த நாட்டுச் சட்டப்படி பெண் அரியணை ஏற முடியாது. எனவே அவளை இளவரசனாகவே வளர்க்கிறார்கள். டியூராலுமின் பிரபுவுக்குத் தன் மகனை அரியணையில் உட்காரவைக்க ஆசை. அதற்கு அவன் சஃபையரைக் கொல்லவேண்டிய தேவைகூட இல்லை. அவள் பெண் என்று ஊருக்கு நிரூபித்துவிட்டால் போதும்.

வில்லனின் திட்டமே இதுதான் என்பதைக் கவனிக்கவேண்டும். சஃபையருக்கு வாள் பயம் கிடையாது. யாராவது பார்த்துவிடுவார்களோ, ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயம் உண்டு. பின்னாளில் வந்த இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் இதுதான் மூலப் பயம்.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய தெஸுகா ஓரிடத்தில் சறுக்கிவிடுகிறார். சஃபையரிடமிருந்து பையன் இதயத்தை எடுத்ததும் அவள் வலுவிழந்து போகிறாள். வாள் வீச முடியவில்லை. தைரியம் பையன் இதயத்தின் சரக்கு, அதை எடுத்தால் மிஞ்சுவது மென்மை என்று கணக்கு முடிகிறது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நான்கைப் பட்டியலிட்டு அதில் அச்சத்தை முதலில் வைத்த மொழியில் உட்கார்ந்துகொண்டு தெஸுகாவைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லவேண்டும். இந்தக் கணக்கு பெண்ணிடமிருந்து தைரியத்தை எடுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. பையனிடமிருந்து பயத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆண்பிள்ளை அழக்கூடாது என்பது ஜப்பானிலும் வீட்டுக்கு வீடு சொல்லப்படுவதுதான்.

பயப்பட அனுமதி இல்லாத பையன், பயப்படலாம் என்று விடப்பட்ட பெண்ணின் உருவத்துக்குள் போனால் என்ன ஆகும்?

*

அசாரி எண்டோவின் லைட் நாவல் ‘மாயச் சிறுமி வளர்ப்புத் திட்டம்’ 2012இல் வந்தது. 2016இல் அனிமே ஆயிற்று. கைபேசி விளையாட்டு ஒன்று, ஆடுகிறவர்களில் சிலரை உண்மையாகவே மாயச் சிறுமிகளாக ஆக்கிவிடுகிறது. ஒரே நகரத்தில் 16 பேர். தெருவில் வழிதவறியவருக்கு உதவுவது, தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பது என்று இனிமையாகப் போகிறது. திடீரென்று ஓர் அறிவிப்பு: 16 பேர் அதிகம், பாதியாகக் குறைக்கவேண்டும், வாரத்துக்கு ஒருவர் நீக்கப்படுவார். நீக்கப்பட்டால் மாயசக்தி மட்டும் போகும் என்று நினைத்திருந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது, உயிரும் சேர்ந்து போகும் என்று.

அவர்களில் ஒருவன் சோட்டா கிஷிபே. நடுநிலைப்பள்ளி மாணவன், கால்பந்து ஆடுகிறவன். சின்ன வயதில் கோயுகி ஹிமெகவா என்ற தோழியோடு சேர்ந்து மாயச் சிறுமித் தொடர்களைப் பார்த்தவன். வளர்ந்தபிறகும் அந்த ஆசை விடவில்லை. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டு அவனை லா புசெல் ஆக்குகிறது: கவசம் அணிந்த பெண் வீரர், தலையில் கொம்பு, பின்னால் டிராகன் வால், வேண்டிய அளவுக்கு வளரவும் சுருங்கவும் செய்கிற ஒரு வாள். கோயுகிக்கும் அதே விளையாட்டில் இடம் கிடைக்கிறது. வெள்ளை உடையில் ஸ்னோ ஒயிட் ஆகிறாள். இரவில், ஊர் தூங்கியபிறகு, இருவரும் சந்திக்கிறார்கள். அந்தச் சந்திப்பில்தான் அவன் தான் யார் என்று அவளிடம் காட்டிக்கொள்கிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கைக் காட்சி. கொம்பும் வாலும் கவசமுமாக நிற்கிற ஒரு பெண் உருவம், உள்ளே கூச்சத்தில் நெளிகிற ஒரு பையன். இந்தக் கதையில் சாவு பிறகுதான் வருகிறது. இந்தக் கூச்சம் முதலிலேயே வந்துவிடுகிறது. இத்தனை வருடம் மறைத்துவைத்த ஆசையைத் தெரிந்தவள் ஒருத்தியின் முன்னால் உடம்பு முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்பது. அவள் சிரித்திருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை, சந்தோஷப்பட்டாள். சோட்டா செய்த தைரியமான காரியங்களில் பெரியது இதுதான் என்பேன். பின்னால் வாளோடு செய்தவை இதற்குப் பிறகுதான்.

கொலைகள் தொடங்கியதும் கோயுகி மனம் உடைந்து அழுகிறாள். லா புசெல் அவள் முன் மண்டியிட்டு, இந்த உடம்பே அழிந்தாலும் உனக்கு வாளாக இருப்பேன் என்கிற பொருளில் சத்தியம் செய்கிறாள். செய்கிறான் என்று எழுதுவதா, செய்கிறாள் என்று எழுதுவதா? வினைமுற்றில் ஆணும் பெண்ணும் பிரிந்து நிற்கிற தமிழில் இந்தத் தடுமாற்றத்துக்குத் தப்பவழி இல்லை. தோன்றியபடி எழுதிக்கொண்டு போகிறேன். அந்தச் சத்தியம் அழகானது, எனக்கு ஆகாதது. அழுகிறவள் ஒருத்தி, அழாமல் காப்பவன் ஒருவன் என்று பழைய பாகப்பிரிவினை திரும்ப வந்துவிட்டது. உருவம் பெண்ணாகிவிட்டது, ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற சட்டம் மட்டும் அப்படியே கூடவே வந்திருக்கிறது. கிரான்பெரி என்ற வலுத்த எதிரியோடு கோயுகி இல்லாத இடத்தில் மோதி அவன் சாகிறான். செத்ததும் உருவம் கலைந்து, பழைய பையன் உடம்பு கிடக்கிறது. ஊருக்குக் கிடைத்த செய்தி, பள்ளி மாணவன் ஒருவன் சாலை விபத்தில் இறந்தான் என்பது. அவனைக் கொன்றதில் கிரான்பெரிக்குப் பாதிப் பங்கு, அந்தச் சட்டத்துக்குப் பாதிப் பங்கு என்பது என் கணிப்பு.

கோயுகி பிழைக்கிறாள். அவளுக்கு வாய்த்த மாயசக்தியை நாவலாசிரியர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்: இக்கட்டில் இருப்பவர்களின் மனக்குரல் அவளுக்குக் கேட்கும். அதாவது அவள் ஆயுதம் பிறர் பயத்தைக் கேட்கிற காது. தொடர் முழுக்க ஒன்றும் செய்யமுடியாமல் நின்ற அந்தப் பெண்தான் கடைசியில் கெட்ட மாயச் சிறுமிகளை வேட்டையாடுகிறவளாகிறாள். பயமில்லாமல் நடந்தவன் பாதிவழி தாண்டவில்லை, பயந்து அழுதவள் கடைசிவரை வந்தாள் என்று இதை எளிமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அவனும் பயந்திருப்பான். சொல்ல ஆள் இருந்தும் சொல்லவில்லை.

*

லா புசெல் என்பது எண்டோ கற்பனை செய்த பெயர் இல்லை. ஜோன் ஆஃப் ஆர்க் தன்னைச் சொல்லிக்கொண்ட பெயர். பையனுடைய பெண் உருவத்துக்கு, ஆண் உடை அணிந்து போருக்குப் போன பெண்ணின் பெயர்.

ஜோனின் கதையை நாம் பெரும்பாலும் அஞ்சாத வீராங்கனையின் கதையாகவே கேட்டிருக்கிறோம். 1429இல் ஓர்லியன் முற்றுகையை உடைத்தவள், 1431இல் தீயில் எரிந்தவள். இரண்டுக்கும் நடுவில் நடந்த ஒன்றைப் பள்ளிப் புத்தகங்கள் அநேகமாக விட்டுவிடும். 1431 மே 24ஆம் தேதி ரூவன் நகரில், செயிண்ட்-ஓவன் கல்லறைத் தோட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே அவளை நிற்கவைத்துத் தண்டனையைப் படிக்கத் தொடங்கினார்கள். அவள் பணிந்துவிட்டாள். தான் சொன்னதையெல்லாம் மறுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆண் உடையைக் களைந்து பெண் உடை அணிய ஒப்புக்கொண்டாள். அப்போது அவளுக்கு 19 வயது இருக்கலாம்.

சில நாளில் சிறைக்குள் மறுபடியும் ஆண் உடையில் இருந்தாள். மே 28ஆம் தேதி நீதிபதிகள் வந்து காரணம் கேட்டார்கள். அவள் சொன்ன பதில்களில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியம். கல்லறைத் தோட்டத்தில் சொன்னதெல்லாம் தீக்குப் பயந்து சொன்னது என்று ஒப்புக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அப்படி மறுத்தது தவறு என்று தனக்குக் கேட்டுவந்த தெய்வக் குரல்கள் சொன்னதாகவும் சொன்னாள். இதைப் பதிவு செய்த எழுத்தர் ஏட்டின் ஓரத்தில் லத்தீனில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: சாவைக் கொண்டுவரும் பதில். இரண்டு நாள் கழித்து, மே 30, பழைய சந்தைத் திடலில் அவளை எரித்தார்கள். 1456இல் அந்த விசாரணையே செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

தீக்குப் பயந்தேன் என்று தன்னை எரிக்கப்போகிறவர்களிடமே சொல்வது. ஓர்லியன் கோட்டைச் சுவரில் ஏணி சாத்தியதைவிட இது பெரிது. சோட்டாவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் பெயரோடு இந்தப் பக்கத்தையும் கொடுத்திருக்கலாம்.

*

மனசு கனத்தால் நான் திரும்பப் போகிற இடம் ‘கார்ட்கேப்டர் சகுரா’. க்ளாம்ப் குழுவின் மாங்கா 1996இல் தொடங்கியது, அனிமே 1998இல். மந்திர அட்டைகளின் பூதங்களைப் பிடிக்கிற சகுராவுக்கு எந்த அட்டை பூதமும் பெரிதில்லை. ஆனால் பேய் என்றால் போதும், முகம் வெளுத்துவிடும். அண்ணன் தோயாவின் கண்ணுக்குப் பேய் தெரியும் என்பதால் வீட்டிலேயே தொந்தரவு.

42ஆம் பாகத்தில் பள்ளி நாடகம். தூங்கும் அழகி கதை. யாருக்கு எந்த வேடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இளவரசன் வேடம் சகுராவுக்கு, தூங்கும் இளவரசி வேடம் ஷியோரன் என்ற வெடுக்கென்று பேசுகிற பையனுக்கு. ஷியோரன் நீள அங்கியில் மரக்கட்டை மாதிரி நின்று வசனம் ஒப்பிக்கிறான். சபை சிரிக்கிறது, ஆனால் அதில் குத்தல் இல்லை. குலுக்கலில் விழுந்த வேடம்தானே. இந்தப் பயல் நாணுகிற நாணத்தை அரங்கம் ரசிக்கிறது, அவனும் மேடையை விட்டு ஓடவில்லை.

அப்போது அரங்கம் மொத்தமும் இருண்டுபோகிறது. இருள் என்ற அட்டையின் வேலை. சகுராவைத் தவிர எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உருவமும் இருட்டில் கரைகிறது. அவள் அந்த இடத்தில் நிற்பது இளவரசன் உடையில். மாயச் சிறுமி உடைக்கு மாற நேரமில்லை, தோழி டொமோயோ தைத்துத் தருகிற அலங்காரம் எதுவும் இல்லை. நாடகத்துக்குப் போட்ட ஆண் வேடம், எதிரே கண்ணுக்கே தெரியாத எதிரி. ஒளி என்ற அட்டை அத்தனை நாளும் அவள் நெஞ்சுக்குள்தான் இருந்தது என்று அப்போது தெரியவருகிறது. இருளையும் ஒளியையும் சேர்த்தே பிடிக்கிறாள்.

நெஞ்சுக்குள் ஒளி என்பது சற்றே பஜனைத்தனமான தீர்வுதான். உடை விஷயத்தைத்தான் நான் குறித்துக்கொண்டேன். தெஸுகாவின் சஃபையருக்கு ஆண் உடை ஒரு பொய், கழன்றால் ஆபத்து. சகுராவுக்கு அது குலுக்கலில் வந்த சட்டை. அதைப் போட்டிருந்ததால் தைரியம் வந்ததாகவோ அதையும் மீறி வந்ததாகவோ கதை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

*

பயந்தவர்கள் பட்டியலில் பெரியவர்களையும் சேர்க்கவேண்டும். ‘சேலர் மூன்’ கடைசிப் பருவம் 1996இல் தொடங்கியது. அதில் மூன்று ஆண் பாடகர்கள் வருகிறார்கள். உருமாறினால் மூவரும் பெண் வீராங்கனைகள். நவோகோ டகெயுச்சியின் மாங்காவில் அவர்கள் ஆண் வேடம் போட்ட பெண்கள்தான். அனிமேக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். இத்தாலியில் இதை ஒளிபரப்பியபோது வசனத்தை மாற்றினார்கள்: அந்தப் பையன்கள் உருமாறுவதே இல்லையாம், அவர்களுக்கு இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்களாம், சண்டை என்றால் அந்தச் சகோதரிகள் வந்து நிற்கிறார்களாம். ஆங்கிலத்தில் ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள் என்பதை மறைக்க அத்தை மகள், மாமன் மகள் முறையாக்கினார்கள். குழந்தைகள் படத்தைப் பார்த்தார்கள். மாற்றியது வசனத்தை மட்டும். படத்தில் இருவரும் பார்த்துக்கொள்கிற பார்வை மாறவில்லை.

2018இல் வந்த ‘மாஹோ ஷோஜோ ஓரே’ இதே பயத்தைக் கேலி செய்தது. அதில் சகி என்ற பெண் மாயச் சிறுமியாக உருமாறினால் தசை முறுக்கேறிய ஆணாகிவிடுவாள். சரிகை வைத்த குட்டைப் பாவாடை மட்டும் மாறாது. இரண்டு பாகம் சிரிக்கலாம்.

*

‘ஹக்டோ! ப்ரிக்யூர்’ 2018ஆம் ஆண்டு மாயச் சிறுமித் தொடர். இதன் இயக்குநர்கள் இருவரில் ஒருவர் ஜுனிச்சி சாட்டோ. 1992இல் ‘சேலர் மூன்’ முதல் பருவத்தை இயக்கியவர். இதில் ஹோமரே என்ற பனிச்சறுக்கு வீராங்கனை வருகிறாள். வளர்ந்துகொண்டிருந்த உடம்பு சமநிலையைக் கெடுக்க, தாவும்போது அடிபட்டு, அதற்குப் பிறகு தாவவே முடியாமல் போனவள். 4ஆம் பாகத்தில் அவளுக்கு உருமாறும் வாய்ப்பு வருகிறது. கையை நீட்டுகிறாள். பயம் வருகிறது. உருமாற்றும் கிரிஸ்டல் கைக்கு எட்டாமல் நழுவிவிடுகிறது. உருமாற்றம் நடக்கவில்லை. இந்த வகைக் கதைகளில் இது அபூர்வம். பேங்க் காட்சி ஓடாமலே போன ஒரு வாரம். அடுத்த பாகத்தில் அவள் எட்டிப் பிடிக்கிறாள் என்றாலும், அந்த ஒரு வாரம் ஜப்பானியக் குழந்தைகள் தோற்ற கையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

அவளுடைய பழைய தோழன் ஹென்ரி வகமியா. அவனும் சறுக்கு வீரன், ஜப்பானிய, பிரெஞ்சு இரத்தம் கலந்தவன், அழகன். தனக்குப் பிடித்ததை அணிவான், பிறர் பேச்சைப் பொருட்படுத்தமாட்டான். 19ஆம் பாகத்தில் உடையலங்கார மேடையில் கவுன் அணிந்து நிற்கிறான். ஆண் இப்படி நிற்கலாமா என்று ஒருவன் கத்த, பையனும் இளவரசியாக இருக்கலாம் என்று தொடரின் நாயகி ஹனா அடித்துச் சொல்கிறாள். அந்த வரி ஜப்பானில் அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியம் பிறகு வருகிற 42ஆம் பாகம். 2018 டிசம்பர் 2 அன்று ஒளிபரப்பானது.

அதற்குள் ஹென்ரியின் குரல் உடையத் தொடங்கிவிட்டது. உயரம் கூடுகிறது. கால் வலிக்கிறது. மேடையில் கவுன் அணிந்தபோது நடுங்காதவனுக்கு இப்போது பயம். இத்தனை நாள் அவனுக்கு இடம் கொடுத்த மெல்லிய உடம்பு அவனைக் கேட்காமலே ஆண் உடம்பாகிக்கொண்டிருக்கிறது. காலத்தையே நிறுத்திவிடலாம் வா என்று, கதையில் எதிரியாக வருகிற கம்பெனி அவனைக் கூப்பிடுவது சரியான சமயம் பார்த்துத்தான். போட்டிக்குப் போகிற வழியில் விபத்து. இனிச் சறுக்க முடியாது என்ற நிலை. அரங்கத்தில் எல்லோரும் கொடுத்த உற்சாகத்தில் அவன் ஒருமுறை உருமாறுகிறான்: க்யூர் இன்ஃபினி. ப்ரிக்யூர் வரிசையில் உருமாறிய முதல் பையன். எதிரியோடு சண்டை போடுவதில்லை. வெண்ணிற உடையில் அந்தரத்தில் சறுக்கிக் காட்டிவிட்டு இறங்குகிறான். இறங்கியபிறகு கால் பழைய காலாக இல்லை.

மந்திரம் காலைச் சரிசெய்யாமல் விட்டதற்காக அந்த எழுத்தாளர்களை மதிக்கிறேன். உருமாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்திருந்தால் பார்த்த பிள்ளைகளிடம் பொய் சொன்னதாகியிருக்கும். ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாகம். சிறப்பு விருந்தாளி மாதிரி வந்துபோனான்.

அந்தக் குறை ஐந்து வருடத்துக்குள் தீர்ந்தது. 2023 பிப்ரவரி 5 அன்று தொடங்கிய ‘ஹிரோகரு ஸ்கை! ப்ரிக்யூர்’ தொடரில் சுபாசா என்ற 12 வயதுப் பையன் வருகிறான். பறக்கத் தெரியாத பறவை இனத்தில் பிறந்து, பறக்க ஆசைப்பட்டதற்காகத் தன் கூட்டத்தாரின் சிரிப்புக்கு ஆளானவன். 9ஆம் பாகத்தில் க்யூர் விங்காக உருமாறினான். 2024 ஜனவரியில் 50ஆம் பாகத்தோடு தொடர் முடியும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டரை மணிக்கு, பெண்களோடு அதே வரிசையில் நின்றான்.